தெரு தின்ற சர்க்கரை

மண்டபத்து வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்குப் போதுமான சர்க்கரை. மூடியில் ஒரு வயதான பெண்ணின் படம், அதைச் சுற்றி ரோஜாப்பூ. ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கட்டிய பெண்கள், "ஸ்வீட் எடுத்துக்குங்க, நம்ம ஸ்வீட் நர்சம்மா ஞாபகமா" என்று சிரித்தபடி ஆளுக்கொன்று நீட்டினார்கள். எனக்கு முன்னால் போனவர் அங்கேயே திறந்து வாயில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவைச் செருப்புகளுக்கு நடுவில் போட்டுவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்த யாரோ அதை மிதித்தார்கள். படம் மேல்பக்கமாகக் கிடந்தது.

நானும் ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அன்றைக்கு எங்கள் குடும்பத்தை யாரும் எதற்காகவும் ஏன் என்று கேட்டுவிடக் கூடாது என்பதுதான் காலையிலிருந்து என் வேண்டுதல். சற்று நேரத்தில் என் மகள் அந்த மேடையில் ஏறிப் பேச வேண்டும். அவள் எதைச் சொல்லப்போகிறாள், சொன்னதற்காக அவளை யார் என்ன செய்வார்கள் என்ற பயத்தில் நான் பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீடு சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. கணவருக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். ஒரே மகள் என்று சொன்னால் இன்றைக்கும் "அடடா" என்று உச்சுக் கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமனார், "போச்சாது, அடுத்தது பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, குழந்தையைப் பார்க்காமலே பஸ் ஏறினார். அவர் கெட்டவர் இல்லை. அப்படித்தான் எல்லோரும் பேசினார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டு மகளிர் தினத்தையொட்டி ஊரின் முன்னோடிப் பெண்களைக் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. சேலத்தின் உள்ளூர் வரலாற்றை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும் என்று சங்கத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். தலைவர் ரிக் முதலாளி. என் கணவரின் கடையில் அதிகம் வாங்குகிறவர். ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் ஒரு கல்லூரி மாணவி பேச வேண்டும் என்றார்கள். வரலாறு படிக்கிற பெண் நம் தெருவிலேயே இருக்கிறதே என்று என் மகளைக் கேட்டார்கள். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. குழுவில் வந்த கைதட்டும் படங்களையெல்லாம் என் தங்கைக்கு அனுப்பினேன்.

யாரைப் பற்றிப் பேசுவது என்று தேடியபோது, புதுச்சத்திரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு தோழி, தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் இருப்பதாக மகளிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, முன்பக்கம் தகரம் இறக்கிய வீடு. உள்ளே சுவரில் இயேசுவின் படமும், அதன் கீழே மின்சார மெழுகுவர்த்தியும். அந்த அம்மா சேலம் டவுனில் பிறந்த கத்தோலிக்கர். வேலைக்காக நாமக்கல் பக்கம் வந்தவர், பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சாகவே மாறியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதை நெருங்கும் வயது. நாங்கள் போனபோது தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வரும்வரை எங்களைக் காத்திருக்கச் சொன்னார்.

பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு என் மகளிடம் கேட்டார்.

"என்ன அம்மிணி தெரியோணும் உனக்கு?"

"நீங்க பிரசவம் பாக்கப் போற எடத்துல எல்லாம் சர்க்கரை குடுப்பீங்கன்னு என் ஃப்ரெண்டு சொன்னாளுங்க பாட்டி."

"அஸ்கா குடுப்பேன். ஊசி மருந்துப் பையிலயே ஒரு பொட்டணம் இருக்கும். எதுக்குன்னு சொன்னாளா?"

"இல்லீங்க."

"ஆம்பளப்புள்ள பொறந்தா அவங்களே தெருவுக்கு அஸ்கா குடுப்பாங்க. பொட்டப்புள்ளைன்னா கதவு சாத்திக்கும். பொறந்துச்சான்னு பக்கத்து ஊட்டுக்கே தெரியாது. தெரியாத புள்ளைய என்ன பண்ணுனாலும் கேக்க ஆள் இல்ல பாரு. அதான் அவங்களுக்கு முந்தி நான் குடுத்துப்போடுவேன்."

அந்த அம்மாவின் முறை அதுதான். தொப்புள்கொடி வெட்டி, குழந்தையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் போட்டதும், கையைக் கழுவிக்கொண்டு நேரே தெருவில் இறங்கிவிடுவார். முதல் வீட்டில் ஆரம்பித்துக் கடைசி வீடுவரை. இன்னார் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லி ஆளுக்கு ஒரு சிட்டிகை.

"பொறந்திருக்குன்னு மட்டும் சொல்லக் கூடாது சாமி. நல்லா அழுகுதுங்க, நல்லாப் பால் குடிக்குதுங்கன்னு சொல்லோணும். நாளைக்குச் சீக்குப் புள்ளைன்னு பேச்சை மாத்த முடியாதில்ல? அப்பறம், கையில வாங்கி வெச்சுக்க உடமாட்டேன். என்ற முன்னால வாயில போடோணும். தின்னுட்டா சாட்சி."

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் இது நடந்தது என்பது எனக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாரும் பொழைச்சுதுங்களா?" என்று மகள் கேட்டாள்.

"நெறையப் பொழைச்சுது. ஒரு ஊர்ல மட்டும்..." என்று சொல்லி, தொலைக்காட்சியில் மறுபடி தொடர் வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு தெருவே அஸ்கா தின்னுச்சு. பல்லைக் காட்டிக்கிட்டே தின்னாங்க. அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போறேன், புள்ள இல்ல. பால் பொரையேறிப் போச்சுங்கறா மாமியாக்காரி. பெத்தவ சுவத்தப் பாத்து உக்காந்திருக்கறா. நான் உடல. ஊடு ஊடாப் போயிக் கேட்டேன். அன்னைக்கு நல்லா அழுகுதுன்னு சொன்னேனே, அஸ்கா தின்னீங்களே, சொல்லுங்கன்னேன். எந்தப் புள்ளைங்கன்னு கேக்கறாங்க. எங்க யாருக்கும் தெரியாதுங்களேங்கறாங்க. ஒருத்தி சொல்றா, நீங்க சும்மா குடுத்தீங்கன்னு நெனைச்சமுங்கன்னு."

"போலீஸுக்குப் போனீங்களா?"

"போனேனே. தெருவே வந்து நின்னு நர்சம்மாவுக்குத் தலைக் கொழப்பம்னு எழுதிக் குடுத்துச்சு. என்னைய வேற ஊருக்கு மாத்திப்போட்டாங்க."

மாற்றிய ஊருக்கும் அவர் சர்க்கரைப் பொட்டலத்தோடுதான் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் உட்கார்ந்து எழுதினாள். சின்னப் பேச்சுதான். சர்க்கரை ஏன் கொடுக்கப்பட்டது என்பதும், தின்ற தெரு என்ன சொன்னது என்பதும் அதில் இருந்தன. ஊர் பெயர் இல்லை, சாதி இல்லை, யாருடைய பெயரும் இல்லை. விழாவுக்கு முன்னால் எல்லோரும் பேச்சை அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்ததால் அனுப்பி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலமே சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காபி வேண்டாம் என்றவர் பிறகு இரண்டு டம்ளர் குடித்தார்.

"கண்ணு, எழுத்து அருமை. படிச்சுட்டு அழுதுட்டேன். ஆனா இது விழா பாரு. கொண்டாடறதுக்குக் கூப்புடறோம், எழவு கேக்கறதுக்கா?"

மகள் சொன்னாள்: "அவங்க செஞ்சதே அதுதானுங்க ஆண்ட்டி. அதை எடுத்துட்டா அவங்க சும்மா சர்க்கரை குடுத்த நர்ஸு."

"அதுவே நல்லாத்தான இருக்குது? ஸ்வீட் நர்சம்மா. தலைவர்தான் பேர் வெச்சாரு. டப்பாகூட ஆர்டர் குடுத்தாச்சு."

"எதுக்குக் குடுத்தாங்கன்னு சொல்ல வேண்டாமுங்களா?"

"அந்தக் காலத்துல எங்கயோ படிக்காதவங்க ஏதோ பண்ணுனாங்க. அதுக்கு நம்ம சனத்தை எதுக்கு மேடையில இழுக்கறே?"

"நான் எந்தச் சனம்னு எழுதவே இல்லீங்களே ஆண்ட்டி."

"எழுதுலீன்னா தெரியாதா?" என்று அக்கா கேட்டார். கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உடனே என் பக்கம் திரும்பி, புடவை எங்கே எடுத்தது என்று விசாரித்தார். போகும்போது கணினியில் அச்சடித்த ஒரு பக்கத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாய்-சேய் நலனுக்காகத் தன்னையே அர்ப்பணித்தவர். குழந்தை பிறந்த இல்லந்தோறும் இனிப்பு வழங்கி மகிழ்ந்தவர். வெள்ளை உள்ளம், வெள்ளைச் சர்க்கரை. இப்படிப் போனது அது.

படித்தபோது, எச்சில் தொட்டு அழித்த இடம் போல ஒரு பிசுபிசுப்பு அந்தத் தாளில் இருப்பதாகத் தோன்றியது. ஆனாலும் மகளிடம் நான் சொன்னது வேறு. "இதையே படிச்சுரு சாமி. அப்பாவோட தொழில் இருக்குது. நீ தினமும் தனியா பஸ்ஸுல போய்ட்டு வர்றே. நாலு பேர் நாலு விதமாப் பேசுனா அப்பறம் அழிக்க முடியாது." கணவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரே ஒரு பத்தி. அதை எடுத்துட்டா ஒலகம் முழுகிருமா?"

இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. மேடையில் பேசிய பெண் என்ற பேர் போதும். முதலில் கிண்டல் வரும், பிறகு யாரோடோ பார்த்தோம் என்பார்கள், பிறகு மிரட்டுகிற ஆட்களோடு தெருமுனையில் வண்டி நிற்கும். நான் இரவில் கண்ணை மூடினால் அந்த வண்டிதான் வந்தது.

மகள் கடைசியில் ஒத்துக்கொண்டாள். "சரிம்மா, அவங்க குடுத்ததையே படிக்கறேன்" என்றாள். பிறகு, "ஆனா பாட்டியும் வருவாங்க. அவங்க மூஞ்சிக்கு முன்னால எப்படிம்மா படிக்கறது?" என்று கேட்டாள்.

விழா அன்று அந்த அம்மாவை நானே போய்க் கூட்டிவந்தேன். வெள்ளைப் பருத்திப் புடவை, ஊதாக் கரை, சுத்தமாகத் துவைத்த கான்வாஸ் செருப்பு. வாசலில் அவருக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள். மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது நானா? மூக்கு நல்லா எடுப்பா வெச்சிருக்கறாங்க" என்றார்.

மேடையில் முன்னோடிப் பெண்களின் படங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தன் வீட்டின் முன்னறையிலேயே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஒருவர். ஜலகண்டாபுரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கேட்டு நின்ற ஒரு நெசவுக்காரப் பெண். சாராயக் கடைக்கு முன்னால் விளக்குமாற்றோடு உட்கார்ந்த ஒருவர். படத்துக்குக் கீழே ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. கல்விக்குத் தொண்டு செய்தவர், நெசவுக்குத் தொண்டு செய்தவர், ஊருக்குத் தொண்டு செய்தவர். எல்லோரும் எதையோ எதிர்த்து நின்றவர்கள். எதை என்பது மட்டும் ஒருவரின் படத்துக்குக் கீழேயும் இல்லை. படிக்க விடாதவர் யார், கூலியைப் பிடித்தவர் யார், சாராயம் விற்றவர் யார் என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை. அந்தப் பெண்கள் காற்றோடு சண்டை போட்டவர்கள் போல அங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் செவிலியரின் படமும் இருந்தது. எல்லாப் படங்களுக்கும் போட்டது போல அதற்கும் சந்தன மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, முன்னால் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? பந்தல்காரர் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார். வாசலில் அவருக்கு டப்பா கொடுத்தவர்களோ, முன் வரிசையில் உட்காரவைத்தவர்களோ, ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

அந்த அம்மா கவனித்துவிட்டார். என் காதில், "ஏஞ்சாமி, நான் எப்பப் போனேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லுலீயே" என்றார். சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அந்த ஊதுபத்தியைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தது. போகவில்லை.

தலைவர் பேசினார். பெண் என்பவள் தாய், தெய்வம், நதி, பூமி என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். பிறகு மாணவிகள் பேசினார்கள். மூன்றாவதாக என் மகள்.

அக்கா கொடுத்த தாளைத்தான் அவள் படித்தாள். குரல் நடுங்காமல், ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தாள். நான் மூச்சு விட்டேன். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "குழந்தை பிறந்த இல்லந்தோறும் இனிப்பு வழங்கி மகிழ்ந்தவர்" என்ற இடம் வந்தது. படித்தாள். நிறுத்தினாள். மறுபடியும் அதே வரியை, இந்த முறை மெதுவாக, தனக்கே படித்துக்கொள்வது போலப் படித்தாள். அப்புறம் தாளை மடித்தாள்.

முன் வரிசையைப் பார்த்து, மைக்கிலேயே கேட்டாள்:

"பாட்டி, எதுக்குங்க சர்க்கரை குடுத்தீங்க?"

அந்த அம்மா பக்கத்தில் இருந்த என் கையை ஊன்றி எழுந்து நின்றார். அவருக்கு மைக் கிடையாது. தெருத் தெருவாகக் கூப்பிட்டுப் பழகிய குரல், அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

"கொல்லாம இருக்கறதுக்குத்தான் சாமி. வேற எதுக்கு?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்ன நடக்கும்? மைக்கைப் பிடுங்குவார்களா, கத்துவார்களா, எங்களை வெளியே போகச் சொல்வார்களா? எதற்கும் தயாராகக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கை தட்டினார்கள்.

தொகுப்பாளர் முதலில் தட்டினார், பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது. சிலர் விசில்கூட அடித்தார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, இந்த வயசுலயும் என்ன கம்பீரம்! அந்தக் காலத்து மனுசிங்க அந்தக் காலத்து மனுசிங்கதான்" என்றார். மறுபடி கைதட்டல். அந்த அம்மா சொன்ன வார்த்தை யாருடைய காதிலும் ஏறாமல், எண்ணெய்த் துணியில் ஊற்றிய தண்ணீர் போல, அந்தக் கூட்டத்தின் மேல் வழிந்து போனது. திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. திட்டுவதற்காவது ஒருவன் கேட்டிருக்க வேண்டும்.

உடனே பொன்னாடை என்று அறிவித்தார்கள். பெண்ணுக்கு ஆண் கையால் பொன்னாடை போர்த்தக் கூடாது அல்லவா, அதனால் அந்த அம்மாவை மேடையேற்றிவிட்டு, போர்த்தத் தலைவரின் மனைவியை அழைத்தார்கள். அவர் போர்த்தினார், படம் எடுத்தார்கள். அங்கே நின்றபோது என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுடைய கன்னத்தைத் தொட்டு என்னவோ கேட்டார். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதட்டுகிறார் என்று நினைத்தேன். என்ன கேட்டார் என்று பிறகு மகள் சொன்னாள்: நட்சத்திரம்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். நல்ல வேட்டி, சட்டைப் பையில் பேனா. ஒருவர் மற்றவரிடம் சொன்னார்:

"அந்தக் கெழவி சொன்னது நெசந்தானப்பா. அப்பவே பொழைக்க உட்டிருந்தா, இப்ப நம்ம பையனுக்குப் பொண்ணு தேடிக் கேரளா வரைக்கும் போயிருக்க வேண்டாம்."

"ஆமா, புரோக்கருக்குக் குடுத்ததே ஒரு வண்டி வாங்கியிருக்கலாம்" என்றார் மற்றவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். இலை போடுகிறவரும் சேர்ந்து சிரித்தார்.

என்னால் சாப்பிட முடியவில்லை. இலையில் வைத்த இனிப்பிலிருந்து சாம்பார்வரை எல்லாவற்றிலும் ஒரே வாடை அடித்தது போல இருந்தது. அந்த அம்மா நன்றாகச் சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பக் கொண்டுபோய் விடும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டார்:

"கை தட்டுனாங்களே, அது எதுக்கு?"

"தெரியலீங்கம்மா" என்றேன்.

பொன்னாடையைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினார். எடுத்துக் கொடுத்தபோது, "உரலுக்கு மேல போத்தலாம்" என்று வாங்கிக்கொண்டார்.

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. வண்டி வரவில்லை. கல்லூரியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப் குழுவில் மகள் கேள்வி கேட்ட அந்தத் துண்டு வீடியோவை எல்லோரும் பகிர்ந்தார்கள். கீழே இதயங்கள். நம் தெருப் பெண் என்று எழுதினார்கள். அதுதான் எனக்கு இன்னும் பிடிபடாமல் இருக்கிறது. ஒரு பெண் பேசினால் அவளை ஏதாவது செய்வார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பேசியதையே அவளுக்கு நகையாகப் பூட்டிப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை தலைவரின் மனைவி எனக்குப் போன் செய்தார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது, பேப்பரை அவர் மடித்த விதத்திலேயே எனக்குப் புரிந்தது.

"பொண்ணு ஜாதகம் அனுப்புங்க கண்ணு. எங்க சின்னவனுக்குப் பாக்கறோம். ரிக்கெல்லாம் அவந்தான் பாத்துக்கறான்."

"அவ படிச்சுட்டு இருக்கறாங்க."

"படிக்கட்டுமே, யார் வேண்டாங்கறது? எங்களுக்கு இந்த மாதிரி தைரியமான பொண்ணுதான் வேணும். நாளைக்கு ஸ்கூலு, டிரஸ்ட்டுன்னு எல்லாத்தையும் பாக்கோணுமில்ல?" கொஞ்சம் நிறுத்தி, குரலைக் குழைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்பறம் இந்த மேடை மைக்கெல்லாம் வேண்டாம், அது வேற. ஊட்டுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் பேசட்டும்" என்றார்.

கணவர் என்னைப் பார்த்து, சரி என்று சொல் என்பதுபோலக் கையை அசைத்தார்.

"வேண்டாமுங்க" என்றேன்.

"ஏனுங்க, எங்க ஊட்டுல என்ன கொறை? மகாலட்சுமியாட்ட வெச்சுக்குவோம். எங்க பக்கம் மூணு தலைமுறையா ஒரு பொண்ணுகூடக் கெடையாதுங்க. மாமனாரோட பொறந்தவங்க எல்லாம் ஆம்பளைங்க, எங்க ஊட்டுக்காரரோட பொறந்தவங்க எல்லாம் ஆம்பளைங்க, எங்க கொழுந்தனாருங்களுக்கும் பசங்கதான். வர்ற பொண்ணுதான் எங்களுக்குப் பொண்ணு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். குரலில் வேறு எதுவும் இல்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். சில வீடுகளில் பையன்களாகவே பிறப்பதும் உண்டு. நான் அதையெல்லாம் யோசித்துப் பேசவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மூணு தலைமுறையா ஒரு பொட்டப்புள்ளகூடப் பொறக்கவே இல்லீங்களா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சியோ வேறெதுவோ பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "உங்க ஊட்டுக்காரரு கிட்ட எங்க ஊட்டுக்காரரு பேசிக்குவாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கணவர் எழுந்து நின்றிருந்தார். "என்ன கேட்டே நீ? அந்தம்மாகிட்ட என்ன கேட்டே?"

நான் போனை மேசையில் வைத்தேன். மகளிடம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னவள் நான். அப்பாவின் தொழில் என்று சொன்னவள் நான். அவள் இப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"கேட்டேங்க" என்றேன்.

அவர் கத்தவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. தலைவர் வீட்டுக்குத்தான் போகிறார் என்று புரிந்தது. மகள் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.